நான்காவது பாட்டில் நான் எழுந்து போனது ஏன்

அன்பு மகன் ஜெறோமுக்கு,

உன் கச்சேரி முடிந்து இன்றைக்குப் பதினாறு நாள். அன்று பின்னேரமே நீ எனக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாய். "அப்பா, ஒரு மணித்தியாலம்கூட இருக்க ஏலாதா?" அதற்கு நான் பதில் போடவில்லை. போனைக் கையில் எடுப்பதும், எழுதுவதும், அழிப்பதும், மேசையில் கவிழ்த்து வைப்பதுமாக இரண்டு கிழமை போய்விட்டது. "அவனுக்கு என்ன பதில் சொன்னியள்?" என்று உன் அம்மா மூன்று தரம் கேட்டாள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "உங்களுக்கு வாயாலை கதைச்சுப் பழக்கமில்லைத்தானே" என்று சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டாள். அவள் கோபத்தில் சொல்லவில்லை. இன்றைக்கு வெளியே குளிர் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் எனக்குச் சுட்டது.

உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். பரவாயில்லை, மெதுவாக வாசி. அக்காவிடம் கொடுத்து வாசிப்பிக்காதே. ஆங்கிலத்தில் எனக்கு வேலைத்தளத்துக்குத் தேவையான சொற்கள்தான் தெரியும், இதற்கு அவை காணாது. இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கலாம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்த இடம் வரும்போது சொல்கிறேன். பங்குனி மாதம் உனக்கும் ஷாமினிக்கும் பிள்ளை பிறக்கப்போகிறது. அதற்கு முன்னர் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

நீ ஒன்பது வயதில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் குழுவில் கிற்றார் பிடித்தாய். அப்போது நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் இருந்தோம். கால் நிலத்துக்கு எட்டாமல் கதிரையில் இருந்துகொண்டு, காணிக்கைப் பாட்டுக்கு நீ நரம்பைத் தட்டும்போது, பின்வரிசையில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள், ஏதோ நான் வாசித்ததுபோல. எனக்கு அது பிடித்திருந்தது. நீ வாசித்தது பிடித்ததா, அவர்கள் கை குலுக்கியது பிடித்ததா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நீ கோயில் கிற்றாரை விட்டுவிட்டு, பதினைந்து வயதில் அந்தக் கறுப்பு எலெக்ட்ரிக் கிற்றாரை வாங்கி வந்தபோது, என்னுடைய ஏதோ ஒன்றை நீ களவெடுத்துக்கொண்டு போனதுபோல எனக்கு ஆத்திரம் வந்தது.

மார்க்கம் வீட்டுக்கு வந்த பிறகு, வீட்டுக்கு அடியில் இருந்த பேஸ்மென்றில் நீங்கள் நாலு பேர் வாசிக்கத் தொடங்கினீர்கள். டிரம்ஸ் அடித்தவன் டிலான். நான் காலமை ஐந்து மணிக்கு வேலைக்குப் போய், கார்க் கதவுக்குத் தகடு அடிக்கிற மெசினுக்கு முன்னால் நின்றுவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவேன். அந்த மெசின் ஒவ்வொரு அடிக்கும் நிலத்தை உலுக்கும். சப்பாத்தைக் கழற்றிச் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் குந்தினால், கீழே நீங்கள் தொடங்குவீர்கள். அலுமாரிக்குள் பீங்கான்கள் நடுங்கும். அம்மா என் முகத்தைப் பார்ப்பாள், நான் சோற்றைப் பார்ப்பேன்.

ஒரு வருடம் பொறுத்தேன். பிறகு ஒருநாள் கராஜில் இருந்து பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். நான் உன் ஒலிபெருக்கிப் பெட்டியின் முகத்தில் அடித்தேன். கம்பி வலை கிழிந்து, சுத்தியல் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்து எடுத்துத் திரும்பவும் அடித்தேன். அது ஒரு மிருகம் மாதிரிக் கத்திவிட்டு நின்றது. நீ குறுக்கே வந்தாய். மூன்றாவது அடி உன் முழங்கையில் பட்டது. வேண்டுமென்று அடிக்கவில்லை என்று இவ்வளவு காலமும் எனக்குள் சொல்லிக்கொண்டு இருந்தேன். ஆனால் நீ குறுக்கே வந்ததை நான் கண்டேன், மகன். கண்ட பிறகும் கையை நிற்பாட்டவில்லை. மற்ற இரண்டு பொடியன்களும் பக்கக் கதவால் ஓடிவிட்டார்கள். டிலான் மட்டும் டிரம்ஸுக்குப் பின்னால் தடியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"இனிமேல் இந்த வீட்டுக்குள்ள உந்தச் சத்தம் கேட்டா, பெட்டியை உடைக்கமாட்டன், உன்னை உடைப்பன்" என்றேன்.

நீ முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாய். அழவில்லை. அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

உனக்கு நான் ஒருநாளும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லவேண்டும். இருபத்திரண்டு வயதில், ஊரில் சண்டை நடந்த காலத்தில், என்னைப் பிடித்துக்கொண்டு போய்ப் பத்தொன்பது நாள் ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். பிடித்தவர்கள் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. அப்படிப்பட்ட வீடுகள் எல்லாப் பக்கத்தாரிடமும் இருந்தன. அங்கே ஒருவன் மண் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயால் அடிப்பான். அடிக்க முன்னர் ரேடியோவைப் போடுவான். நாங்கள் கத்துவது றோட்டுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக. சின்னதாகத் தொடங்கி, முழுதாகத் திருப்பிவிடுவான். பாட்டு ஏறுகிறது என்றால் அடி வருகிறது என்று உடம்பு படித்துக்கொண்டது. பக்கத்து அறையில் ரேடியோ ஏறினாலும் எனக்குச் சிறுநீர் போய்விடும். அந்த வீட்டில் இருந்து இரண்டு விலா எலும்பு உடைந்து வெளியே வந்தேன். என்னோடு பிடிபட்டவன் வரவில்லை.

இதை நியாயம் கேட்டு எழுதவில்லை. உன் பேஸ்மென்றில் சத்தம் ஏறும்போது மேலே இருந்த எனக்கு என்ன நடந்தது என்று நீ அறியவேண்டும், அவ்வளவுதான். "தம்பி, எனக்கு இப்படி ஒன்று நடந்தது, அந்தச் சத்தம் எனக்கு ஏலாது, வேற இடம் பாருங்கோ" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் நீ கேட்டிருப்பாய். நீ கேட்கிற பிள்ளை. அந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சுத்தியலைத் தூக்க வெட்கமாக இருக்கவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ரேடியோவும் இல்லை, டிரம்ஸும் இல்லை, வீடு அமைதியாக இருந்தது. அதனால் அதற்கு அந்த மனிதனைக் காரணம் சொல்ல நான் விடமாட்டேன், நீயும் விடாதே. உனக்குப் பதினேழு வயது. கோயில் திருவிழாவில் ஒரு பாட்டுக்காவது கிற்றார் வாசிக்கவேண்டும் என்று நான் ஃபாதரிடம் சொல்லி வைத்திருந்தேன், உன்னைக் கேட்காமல். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று நீ சொன்னாய்.

"அப்பா, ஐ ஆம் நொட் டூயிங் இற். நான் வாசிக்க மாட்டன்."

"ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன்."

"அது உங்கட பிரச்சினை."

என் வலது கை விரித்தபடி வந்து உன் இடது காதில் விழுந்தது. முழுப் பலத்தோடு. மெசினில் இருபது வருடம் தகடு தூக்கிய கை அது. கன்னத்தில் அறைந்தால் ஒரு சத்தம் வரும். இதற்குச் சத்தம் வித்தியாசமாக இருந்தது, காற்று அடைத்த பை வெடித்தது போல. நீ அடுப்பு விளிம்பில் மோதி விழுந்தாய். எழும்பப் பார்த்தாய், தலை சுற்றித் திரும்பவும் விழுந்தாய். அம்மா கத்தினாள். காதுக்குள் இருந்து இரத்தம் மெல்லியதாக வந்து, பூசைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சேர்ட்டின் கழுத்தில் ஊறியது. விழுந்து கிடக்கிறவனிடம் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கலாம். உன் காதில் ஏறியதோ தெரியாது, அதனால் எழுதுகிறேன். "எழும்படா, நடிக்காதை" என்றேன்.

கிளினிக்கில் டொக்டர் கேட்டார், என்ன நடந்தது என்று. அம்மா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். பொடியன் பாண்ட் வாசிக்கிறான், பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கிறவன், பிறகு படியில் தடுக்கி விழுந்துவிட்டான் என்றேன். டொக்டர் உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு நீ தலையை ஆட்டினாய். "யா, லௌட் மியூசிக்" என்றாய். பதினேழு வயதுப் பிள்ளை, காதில் இரத்தத்தோடு இருந்துகொண்டு, தன்னை அடித்தவனைக் காப்பாற்றியது. காரில் வரும்போது நான் உனக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. அம்மா பின் சீற்றில் இருந்து, "உண்மையைச் சொல்லுங்கோ, திரும்பிப் போய்ச் சொல்லுவம், அவங்கள் சரியான மருந்து குடுப்பாங்கள்" என்று அழுதாள். "சொன்னா என்னைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள், விருப்பமோ?" என்றேன். அவள் வாயை மூடினாள். எப்படி மூடப்பண்ணுவது என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவையும் நான் இரண்டு தரம் அடித்திருக்கிறேன். நீ ஒன்றைக் கண்டாய். மற்றது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தபோது.

அந்தக் காது திரும்பி வரவில்லை. கேட்பதற்குப் பதிலாக ஒரு கூவல் மட்டும் இரவு பகலாக உள்ளே நிற்கிறது என்று அக்கா சொல்லித்தான் அறிந்தேன்.

இப்போது, இதை ஏன் எல்லாருக்கும் முன்னால் எழுதுகிறேன் என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். அதற்கு நாலு மாதம் கழித்துக் கோயில் மண்டபத்தில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள், கனடாவில் பிள்ளை வளர்ப்பது பற்றி. நான் மைக் வாங்கி எழும்பினேன். "என்ர மகன்ர ஒரு காது போட்டுது. அந்த ரொக் சத்தத்தாலை. நான் சொல்லச் சொல்லக் கேக்கேல்லை. உங்கட பிள்ளையளையும் கவனியுங்கோ" என்றேன். குரல் தழுதழுத்தது. ஆட்கள் கை தட்டினார்கள். ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தார். நீ மண்டபத்தின் பின்பக்கம் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றாய் என்பது பேசி முடித்துத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. கையில் இருந்த கதிரையை நீ மெதுவாக நிலத்தில் வைத்தாய். அடுத்த மாதம் வீட்டைவிட்டுப் போய்விட்டாய். பத்து வருடமாக அந்த ஆட்கள் அந்தப் பொய்யைத்தான் நம்புகிறார்கள், உன்னைத்தான் பிழை சொல்கிறார்கள். போன ஞாயிறு ஃபாதரிடம் போய், எனக்குப் பூசைக்குப் பிறகு இரண்டு நிமிடம் மைக் தாருங்கோ என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது இப்ப தேவையோ? குடும்ப விசயம்தானே, உள்ளுக்குள்ள முடியுங்கோ" என்றார். நல்ல மனிதர், என்னில் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் பொய்யை மைக்கில் சொன்னவன் உண்மையை அறைக்குள் சொல்லக்கூடாது. அதனால் இந்தக் கடிதம்.

நீ போன பிறகு நடந்ததில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம். உங்கள் பாண்ட் ஹமில்டன், இங்குள்ள லண்டன், மொன்றியல் என்று ஒரு வான் வண்டியில் ஊர் ஊராகத் திரிந்தது. ஒருமுறை யூடியூபில் பார்த்தேன். நீ மேடையின் இடது ஓரத்தில் நின்றாய், மற்றவர்கள் எல்லாரும் உன் வலது பக்கம் வருகிற மாதிரி. கீழே பொடியன்கள் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். ஒருவனுக்கு மூக்கால் இரத்தம் வந்தது, அவன் சிரித்தான். நான் நிற்பாட்டிவிட்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் டிலான் எங்கள் வீட்டு மணியை அடித்தான். அவனுடைய வலது கை முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது. அம்மா தேத்தண்ணி ஊற்றினாள். அவன் குடிக்கவில்லை.

"அங்கிள், நான் கொம்ப்ளெயின்ற் பண்ண வரேல்லை. பொலிசுக்கும் போகேல்லை" என்றான்.

"ஆர் செய்தது?"

"ஜெறோம். பாட்டு தொடங்கேக்க நான் எண்ணினது அவனுக்குக் கேக்கேல்லை, பிழைச்சுப்போட்டான். ஷோ முடிஞ்சு பின்னால நான் பகிடிக்குச் செவிடா எண்டு சொன்னன். மைக் ஸ்டாண்டாலை அடிச்சான், அங்கிள். நான் விழுந்த பிறகும் அடிச்சான். கையை மிதிச்சான். மூண்டு பேர் இழுத்தும் நிக்கேல்லை."

அவன் தன் கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் ஏன் வந்தனெண்டா, அடிக்கேக்க இருந்த அவன்ர முகத்தை எனக்குத் தெரியும். முதல் ஒருக்காப் பாத்திருக்கிறன். கீழ, உங்கட பேஸ்மென்றில. சுத்தியலோட."

இதற்கு நான் என்ன செய்தேன் என்று டிலான் உனக்குச் சொல்லியிருக்கமாட்டான். அவன் மரியாதையான பொடியன். நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி, கை உடைந்து வந்த அந்தப் பிள்ளையை அடிக்கக் கை ஓங்கினேன். என் வீட்டுக்குள் வந்து என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டானே என்ற ஆத்திரம். அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு நடுவில் வந்து நின்றாள். என் மூச்சு அவள் முகத்தில் படுகிற அளவுக்குக் கிட்ட. "அடியுங்கோ" என்றாள். "இண்டைக்கு என்னை அடியுங்கோ. அடிச்சிட்டுத் தனிய இருங்கோ." முப்பது வருடத்தில் அவள் என்னைப் பயமில்லாமல் பார்த்தது அன்றைக்குத்தான். நான் அடிக்கவில்லை. ஆனால் அவள் அன்று பின்னேரமே ஒரு பையோடு விட்பியில் இருக்கிற உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து மாதம் வரவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் நான் திருந்திவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். முதல் இரண்டு மாதமும் அவளையும் உன்னையும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். சுவரில் குத்தி விரல் வீங்கியது. வீட்டில் கை நீட்டுகிற ஆம்பிளைகளுக்கு வகுப்பு வைக்கிற ஒரு இடத்தின் பெயரை அக்கா சொல்லி, அங்கே போனால்தான் அம்மா திரும்பி வருவா என்றாள். போனேன். எட்டு ஆம்பிளைகள் வட்டமாக இருப்போம். ஒரு சீனர், ஒரு போர்த்துக்கீசர், மற்றவர்கள் எங்கள் ஆட்களும் பஞ்சாபிகளும். ஆறாவது கிழமை ஒருவர் மனைவியின் கையை உடைத்ததைச் சொல்லிவிட்டு, ஆனால் அவள்தான் தொடங்கினாள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்படியே அழுகையும் வந்தது. அன்றைக்குத்தான் அந்த ரேடியோக்காரனைப் பற்றி வாயைத் திறந்தேன். நடத்துகிற பெண் கேட்டார். "அந்த மனிதன் வந்து, என்னை முன்னர் வேறு ஒருவன் அடித்தான், அதனால்தான் நான் உன்னை அடித்தேன் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?" கொல்லுவேன் என்றேன். அதற்குப் பிறகு நீ அடித்ததற்கும் நான் அடித்ததற்கும் காரணம் தேடுவதைக் குறைத்துக்கொண்டேன்.

நீ அந்தக் காலத்தில் பாண்டை விட்டாய் என்று கேள்விப்பட்டேன். சத்தம் ஏறினால் காதுக்குள் கூவல் தாங்கமுடியாமல் போகிறது, மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க எண்ணிக்கை பிடிபடுவதில்லை, அதோடு டிலானுக்குச் செய்த பிறகு யாரோடும் மேடையில் நிற்கப் பயம் என்று அக்கா சொன்னாள். ஒரு கடைக்கு மேலே அறை எடுத்து, மின்சாரம் இல்லாத மரக் கிற்றார் ஒன்றோடு இரண்டு வருடம் தனிய இருந்தாயாம். ஒரு நாளில் எட்டு மணித்தியாலம். பாட்டுக்காரன் இல்லை, டிரம்ஸ் இல்லை, எல்லாவற்றையும் உன் பத்து விரலும் செய்யவேண்டும். கோயிலில் ஆட்கள் சந்தோசப்பட்டார்கள். "பொடியன் குழப்படியெல்லாம் விட்டு அமைதியான இசைக்கு வந்திட்டானாம்" என்றார்கள். நானும் ஓம் என்றேன்.

கச்சேரிக்கு நீ என்னைக் கூப்பிடவில்லை. ஷாமினிதான் கோல் எடுத்தாள். "மாமா, அவர் கூப்பிடச் சொல்லேல்லை. நான் கூப்பிடுறன். வந்தா முழுக்க இருந்து கேளுங்கோ" என்றாள். முழுக்க என்ற சொல்லை அழுத்திச் சொன்னாள். சரி என்றேன்.

வாசலில் டிலான் ரிக்கற் கிழித்துக்கொண்டு நின்றான். நீயும் அவனும் திரும்பக் கதைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நீ அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டாயாம், அவன் ஒரு வருடம் கழித்துத்தான் கதவைத் திறந்தானாம். அவனுடைய மணிக்கட்டு இப்போதும் முழுதாக மடங்காது. நீ என்னைவிடத் தைரியமானவன். நான் இந்தக் கடிதத்துக்குப் பத்து வருடம் எடுத்தேன்.

அம்மாவும் நானும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். நீ தனியக் கதிரையில் இருந்தாய். கிற்றாரின் மேல் விளிம்பில் தாடையை வைத்து, காதால் வராததை எலும்பால் கேட்டு வாசித்தாய். அதைப் பார்த்தும் எழும்பாமல் இருந்தேன். முதல் மூன்று பாட்டும் நல்லாக இருந்தன. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்காவதுக்கு முன்னால் மைக்கில் சொன்னாய், ஆங்கிலத்தில், இதற்குப் பெயர் படிக்கட்டு என்று. பிறகு நரம்பைத் தொடாமல், உள்ளங்கையின் அடியால் மரத்தில் அடித்தாய். ஒன்று. கொஞ்சம் விட்டு, இன்னொன்று. ஆட்கள் தாளம் என்று நினைத்துத் தலையை ஆட்டினார்கள். நான் எண்ணினேன். ஐந்தாவதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பேஸ்மென்றுக்குப் பதின்மூன்று படி. ஏழாவது படி கொஞ்சம் இளகியது, அதில் காலை வைத்தால் வேறு சத்தம் வரும். நீ ஏழாவதை வேறு மாதிரி அடித்தாய். கீழே இருந்து அந்தக் காலடியை நீ எத்தனை நாள் எண்ணியிருக்கவேண்டும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எட்டு, ஒன்பது, பத்து. கை கனத்துக்கொண்டே வந்தது. பதின்மூன்றுக்குப் பிறகு நீ நிற்பாட்டினாய். பிறகு விரித்த கையால், முழுப் பலத்தோடு, நரம்பும் மரமும் சேர ஒரு அறை அறைந்தாய். முன்வரிசையில் ஒரு பெண் துள்ளி எழும்பினாள். அந்த அடிக்குள் இருந்து ஒரே ஒரு சுரம், ஊசி மாதிரி, மேலே மேலே கூவிக்கொண்டு நின்றது. நீ அதை நிற்பாட்டவில்லை. நிற்பாட்ட உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஜெறோம், நீ அமைதியான இசைக்கு வந்துவிட்டாய் என்று சொன்னவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பேஸ்மென்றில் நாலு பேர் போட்ட சத்தத்தைவிட அந்த ஒரு கிற்றாரில் அடி கூட. அப்போது கண்ட இடமெல்லாம் விழுந்தது, இப்போது எண்ணி, இடம் பார்த்து விழுகிறது. அதைக் கேட்டு ஒரு மனிதனுக்கும் காயம் இல்லை. எனக்குக் காயம் பட்டது என்றால், அது பட வேண்டிய இடம்.

நான் எழுந்தேன். கதிரைகளுக்கு இடையில் ஆட்களின் காலை மிதித்துக்கொண்டு போனேன். நீ தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய். வெளியே கார்ப் பார்க்கில், பனிக் குவியலுக்குப் பக்கத்தில், மத்தியானச் சாப்பாடு முழுவதையும் சத்தி எடுத்தேன். டிலான் கோட் போடாமல் பின்னால் ஓடி வந்தான்.

"அங்கிள், உள்ள வாங்கோ. இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு."

"ஏலாது தம்பி."

"நீங்கள் கோவிச்சுக்கொண்டு போறியள் எண்டு அவன் நினைப்பான்."

"படியில இறங்கி வந்தது நான்தான் எண்டு அவனுக்குச் சொல்லு."

"அது அவனுக்குத் தெரியும், அங்கிள். உங்களுக்குத் தெரியுமா எண்டுதான் அவனுக்குத் தெரியாது."

அப்போதாவது திரும்பி வந்திருக்கவேண்டும். நான் காரில் ஏறி, அம்மாவைக்கூட விட்டுவிட்டு, 401 நெடுஞ்சாலையில் கிழக்கே அஜக்ஸ் வரைக்கும் ஓடினேன். பயந்து ஓடினேன். கோபத்தில் போகவில்லை. உன் ஒரு வரிக்கு என் பதில் இதுதான். எனக்குத் தெரியும், மகன். ஒவ்வொரு படியும் தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் முடிக்கமாட்டேன். போன மாதம் அக்கா வீட்டில் அவளுடைய மகள் எலினாவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மூன்று வயது முடியவில்லை. அக்கா மேலே குளித்துக்கொண்டு இருந்தாள். எலினா குசினி நிலத்தில் இருந்து, சட்டியைக் கரண்டியால் அடித்தாள். ஒருக்கால் சொன்னேன், இரண்டுதரம் சொன்னேன். அவள் எனக்கு விளையாட்டுக் காட்டி இன்னும் பலமாக அடித்தாள். என் கை எழும்பியது. நான் தூக்கவில்லை, அது தானாக எழும்பியது, விரித்தபடி, தோளுக்கு மேலே. அதைக் கண்டேன், பிடித்துக்கொண்டேன். கை அந்தரத்தில் நின்றது. அந்த வீட்டில் ஒருவரும் அவளை அடித்ததில்லை. ஓங்கிய கை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. கரண்டியைப் போட்டுவிட்டு எழும்பி, கால் விரலில் எட்டி நின்று, தன் சின்னக் கையால் என் உள்ளங்கையில் படார் என்று அடித்து, "ஹை ஃபைவ், தாத்தா" என்று சிரித்தாள்.

அக்கா இறங்கி வந்தவுடன் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். முதல் தரமாக, ஒருவரும் கேட்காமல், மறைக்காமல் சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சொன்னதுக்குத் தாங்ஸ், அப்பா" என்றாள். "இனி உங்களோட இவவைத் தனிய விடமாட்டன்." சரி என்றேன். அழுகை வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். உன் கையும் எழும்பும். நீ அன்பான மனிதன், ஷாமினி நல்லவள், அதற்காக எழும்பாது என்று நம்பி இருந்துவிடாதே. எழும்புகிற அன்றைக்குப் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு வெளியே போ. அழட்டும், அழுது பிள்ளை சாகாது. திரும்பி வந்து ஷாமினியிடம் அன்றைக்கே சொல்லு. மறைக்காதே. நான் மறைத்து மறைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பிள்ளை பிறந்தவுடன் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவதோ விடுவதோ உன் விருப்பம். கூப்பிட்டால் வருவேன். கையில் தந்தால் வாங்குவேன். ஆனால் பிள்ளையையும் என்னையும் ஒரு அறையில் தனிய விட்டுவிட்டுப் போகாதே, மகன். நான் கேட்டாலும் விடாதே. நான் எவ்வளவு வயதாகி, எவ்வளவு சாதுவாக உனக்குத் தெரிந்தாலும் விடாதே. நீ அறையிலேயே இரு.

உன் அப்பா